விதை சொல்லாத பெயர்

உழவர் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் மறைந்தால் கைக்கு எட்டுவன சில காகிதங்களே. மகாராஷ்டிரத்தில் அவற்றுள் முதன்மையானது 'சாத்பாரா' என வழங்கும் நில ஆவணம். கிராமக் கணக்கின் 7ஆம், 12ஆம் படிவங்கள் இணைந்தது ஆதலால் இப்பெயர். நிலம் யாருடையது, பரப்பு எவ்வளவு, பயிர் யாது என்பனவற்றை அது உரைக்கும். அந்நிலத்தில் உழைத்தவர் எத்தகையவர் என்பதைக் குடும்பமே நினைவில் காக்க வேண்டும்.

சந்திரபூர் மாவட்டத்தில் நாந்தேட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தாதாஜி ராமாஜி கோப்ரகடேயின் வாழ்வு இதற்குச் சான்று. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. நிலமோ ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். 1983ஆம் ஆண்டு, தம் வயலில் விளைந்திருந்த 'படேல் 3' நெல்லுக்கு இடையே சில கதிர்கள் மட்டும் வேறுபட்டிருக்கக் கண்டார். அவற்றைத் தனியே எடுத்துவைத்து, அடுத்த பருவத்தில் தனியே விதைத்தார். பருவந்தோறும் நல்லவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார். சன்னமான அரிசி தந்த அந்நெல் அண்டை ஊர்களுக்கும், பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று. அந்நாளில் புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் 'எச்.எம்.டி.' என்றே சந்தை அதனை அழைத்தது. உருவாக்கியவர் பெயர் அதில் இடம்பெறவில்லை.

பாராட்டுகள் பின்னர் வந்தன. 2005இல் தேசியப் புத்தாக்க நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. ஆயினும் வறுமை அகலவில்லை. 2018 ஜூன் 3 அன்று அவர் மறைந்தார். அவருடைய நெல்லை உண்டவர் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

உழவர் தாமே உருவாக்கிய பயிர் வகையைப் பதிவு செய்து உரிமை பெற, 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எந்த விதை, எந்த ஆண்டு, எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது என்பதைச் சொல்லக் கூடியவர் மறைந்துவிட்டால், அவ்வுரிமையை நிலைநாட்டுவது அரிதாகிவிடும்.

ஆகவே, பெரியவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். விதையின் வரலாறு, கிணற்றின் ஊற்று, வயலின் எல்லை ஆகியவற்றோடு கொடுக்கல் வாங்கலையும் அதே குறிப்பேட்டில் சேர்ப்போம். வங்கிக் கணக்கு, பயிர்க்கடன் நிலுவை, காப்பீடு ஆகியவையும் அதில் இருக்கட்டும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்தி வந்தவர் காப்பீட்டுக் காலத்துள் மறைந்தால், விதிமுறைகளுக்கு உட்பட்டுக் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். அப்படியொரு காப்பீடு இருப்பதை அறியாத குடும்பம் அதனைக் கோரவும் இயலாது.

கணக்கில் நாமினியின் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வோம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு உரியது. இதனை வீட்டார் அனைவரும் முன்னரே அறிந்திருந்தால், துயர நாளில் மனக்கசப்பு நேராது.

மறைந்தவரின் படத்திற்கு மாலையிடுவது நம் மரபு. அப்படத்தின் அருகே அவர் சொல்ல நாம் எழுதிய குறிப்பேடும் இருக்குமாயின், பேரப்பிள்ளைகள் அவரை முகத்தால் மட்டுமன்றித் தொழிலாலும் அறிவார்கள்.