இரத்தத்தின் கார இருப்பு

சில மாதங்களுக்கு முன் அல்சூரில் உள்ள எங்கள் கிளைக்கு எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்தார். முதிர்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்த வைப்பு ரசீது ஒன்றை மேசைமேல் வைத்து, "இதை இன்றைக்கே முடித்துக் கொடுங்கள், தம்பி" என்றார். அவசரம் என்னவென்று கேட்டேன். குழாய் நீரைக் காரநீராக மாற்றும் கருவி ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னார். அதன் விலை ஒன்றரை லட்சம் ரூபாய். அவருடைய மனைவிக்குப் பல ஆண்டு நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. அவர்கள் குடியிருப்பில் கருவியை இயக்கிக் காட்டிய விற்பனையாளர், அம்மையாரின் உடலில் அமிலம் மிகுந்துவிட்டது என்றும், காரநீர் அதை முறிக்கும் என்றும் கூறியிருந்தார்.

வைப்பை முடித்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. அதை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எனினும் "அம்மாவுக்குச் சிறுநீரக சிகிச்சை தரும் மருத்துவரிடம் இந்த விளம்பரத் தாளைக் காட்டிவிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டேன். அவர் காட்டவில்லை. காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். அவர் சென்ற பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வணிகவியல் பயின்றவன். ஆயினும் படித்தும், எங்கள் வாடிக்கையாளர்களான மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அளவுகோல்

ஒரு நீர்மம் அமிலமா, காரமா என்பதைக் காட்டும் அளவு பி.எச். எனப்படுகிறது. 1909ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சென் என்னும் வேதியியலார் இதை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. பால் 6.5-ஐ ஒட்டியது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது.

உடலுக்குள் ஒரே அளவு நிலவுவதில்லை. உணவைச் செரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் இரைப்பை 1.5 முதல் 3.5 வரையிலான கடும் அமிலத்தை வைத்திருக்கிறது. சிறுநீர் 4.5 முதல் 8 வரை நாளுக்கு நாள் மாறும். இரத்தம் மட்டும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலான குறுகிய எல்லையை விட்டு நகர்வதில்லை. 6.8-க்குக் கீழே இறங்கினாலும் 7.8-க்கு மேல் ஏறினாலும் உயிர் தரிப்பது அரிது.

நெஞ்செரிச்சலை நாம் 'அசிடிட்டி' என்கிறோம். இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்கு மேலேறுவதால் உண்டாகும் தொல்லை அது. அதற்கும் இரத்தத்தின் அமிலத்தன்மைக்கும் தொடர்பில்லை. இரண்டும் ஒரே பெயரால் வழங்குவதால் பல குழப்பங்கள் விளைகின்றன.

வரவும் செலவும்

நாம் உண்ணும் அரிசி, பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவை உடலில் எரிந்து முடிந்ததும் சிறிது அமிலத்தை விட்டுச் செல்கின்றன. ஒரு நாளில் சேரும் இந்த அமிலம் சுமார் 50 முதல் 100 மில்லிமோல். மில்லிமோல் என்பது வேதிப்பொருள்களை எண்ணுவதற்கான அலகு. காய்கறிகளும் பழங்களும் பெரும்பாலும் காரத்தை மிச்சம் வைக்கின்றன. புளிக்கும் எலுமிச்சையும் இதில் அடங்கும். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் எரிந்துபோக, எஞ்சுவது காரமே. நாக்கு உணரும் சுவையை வைத்து உடலின் கணக்கை எழுத இயலாது.

இந்த வரவு செலவைச் சமன் செய்ய இரத்தம் பைகார்பனேட் என்னும் காரத்தைக் கையிருப்பாக வைத்திருக்கிறது. பழைய மருத்துவ நூல்கள் இதைக் 'கார இருப்பு' என்றே அழைத்தன. வங்கியாளன் ஆகையால் அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்குப் பாதி பாடம் புரிந்துவிட்டது. அமிலம் இரத்தத்தில் சேர்ந்ததும் பைகார்பனேட் அதனுடன் கூடி, நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. வாயுவை நுரையீரல் சில நிமிடங்களில் வெளியேற்றுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் மீண்டும் உருவாக்கி, அமிலத்தைச் சிறுநீரில் கழித்து, இருப்பை நிரப்புகிறது. இப்பணிக்கு மணிக்கணக்கிலும் சில வேளை நாள்கணக்கிலும் நேரம் பிடிக்கும்.

ஆகவே உணவை மாற்றினால் மாறுவது சிறுநீரின் பி.எச். மட்டுமே. சோதனைத் தாளில் அது நிறம் மாறுவதைக் காட்டி, உடல் காரமாகிவிட்டது என்பார்கள். உண்மையில் சிறுநீரகம் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது என்பதற்கு மேல் அந்த நிறம் எதையும் சொல்லாது.

வட்டி வேறு, அசல் வேறு

கருவியின் விளம்பரம் பி.எச். 9.5 என்று பெருமிதத்துடன் காட்டும். பி.எச். என்பது வட்டி விகிதத்தைப் போன்றது. அசல் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. 9.5 என்னும் எண் குறிக்கும் காரம் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.03 மில்லிமோல் மட்டுமே. சிறுநீரக மருத்துவர்கள் தரும் 500 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட் மாத்திரை ஒன்றில் சுமார் 6 மில்லிமோல் உள்ளது, இருநூறு மடங்கு. மேலும், குடித்த நீர் முதலில் சென்று சேர்வது இரைப்பையின் கடும் அமிலத்தில்தான். அந்தச் சிறு காரம் அங்கேயே தீர்ந்துபோகும்.

புற்றுநோயும் காரத்தால் தீரும் என்று கூறியவர்கள் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் யங் என்பவர் இக்கொள்கையை நூல்களாக எழுதிப் புகழ்பெற்றார். உரிமம் இன்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக 2016இல் அவர் தண்டனைக்குரியவர் எனத் தீர்ப்பாயிற்று. முறையான சிகிச்சையைக் கைவிட்டு அவரை நம்பிய புற்றுநோயாளிப் பெண் ஒருவருக்கு 10.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018இல் சான்டியேகோ நீதிமன்ற நடுவர் குழு முடிவு செய்தது. பணத்தால் மீட்க இயலாதது அந்தப் பெண் இழந்த காலம்.

இருப்பு உண்மையில் வற்றும்போது

கார இருப்பு வற்றிப்போகும் நோய்கள் இருக்கின்றன. அவற்றுள் நம் நாடு நன்கறிந்தது காலரா. வயிற்றுப்போக்கில் நீருடனும் உப்புடனும் பைகார்பனேட்டும் ஏராளமாக வெளியேறிவிடுகிறது. 1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் காலரா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து இந்த மூன்றும் குறைந்திருப்பதைக் கண்டவர் ஓஷாக்னசி என்னும் இளம் மருத்துவர். பின்னர் அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார்.

1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் எல்லையோர ஊரான பன்கானில் குவிந்தபோது காலரா பரவியது. ஊசிவழிச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலநபிஸ் ஒரு துணிவான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவில் கரைசலைப் பெரிய கலன்களில் கலந்து, நோயாளிகளுக்கு அவர்தம் உறவினரே குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட நிலை மாறி, இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சோடாவுக்குப் பதிலாக சிட்ரேட் இருக்கிறது. உடல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது, அவர் மறைந்த பின்னர், வழங்கப்பட்டது. காரம் உயிர் காத்த உண்மைக் கதை இதுவே. மிகச் சில ரூபாய்களில் முடிந்த கதையும் இதுவே.

நாம் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்தினாலோ, கடும் தொற்று கண்டாலோ கீட்டோன் அமிலங்கள் பெருகக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை தோன்றினால் வீட்டு வைத்தியம் பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாள்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் மெல்லக் குறையும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அதற்கென ஒரு வரி உண்டு. லிட்டருக்கு 22-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். பழச்சாறும் கீரையும் காரம் தருவன என்று எண்ணிச் சிறுநீரக நோயாளிகள் தாமாக அதிகம் உட்கொள்ளக் கூடாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கக்கூடும்.

சமையல் சோடாவை நீரில் கலந்து நாள்தோறும் குடிப்பதும் தீங்கே. அதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். காரம் மிகுவதும் ஒரு நோய்தான். நலமாக இருப்பவர்கள் காய்கறியும் பழமும் தாராளமாக உண்ணலாம். நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் அதற்குப் போதிய காரணங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். கையில் மனைவியின் பரிசோதனைக் கோப்பு இருந்தது. பைகார்பனேட் 18 என்று அச்சிட்டிருந்த வரியை மருத்துவர் பேனாவால் வட்டமிட்டிருந்தார். விற்பனையாளர் சொன்னதில் ஒரு பாதி உண்மைதான், அமிலம் மிகுந்திருந்தது. ஆனால் மருத்துவர் எழுதித் தந்தது சோடியம் பைகார்பனேட் மாத்திரையும் அடுத்த மாதம் மறுபரிசோதனையும். "இந்த வரி போன வருடத் தாளிலும் இருந்தது, தம்பி. நாங்கள்தான் பார்க்கவில்லை" என்றார். பிறகு வைப்பு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்று எழுந்தார்.