மேலே போகும் ஜீப்... கீழே வரும் கூலி!

'வெளியூர்க்காரன் வந்து நம்ம காசையெல்லாம் சுருட்டிக்கிட்டுப் போயிடறான் சார்!' - டீக்கடை பெஞ்சுகளில் சாகாவரம் பெற்ற வசனம் இது. இதைச் சொல்கிறவரை ஒருநாள் விடியற்காலையில் போடிநாயக்கனூருக்குக் கூட்டிவர எனக்கு ஆசை.

எள் விழ இடமில்லாத ஜீப்புகள். உள்ளே தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள். குரங்கணி ரோடு பிரிகிற முந்தலைத் தாண்டி, போடிமெட்டு ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். சாயங்காலம் அவர்கள் கூலியோடு இறங்கினால்தான் இங்கே மளிகைக் கடன், சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அடையும்.

அப்போ கேரளாவுக்கு நஷ்டமா? அங்கேதான் இருக்கு விஷயம்!

1970-களிலிருந்து மலையாள இளைஞர்கள் வளைகுடாவுக்குப் பறந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடுகள் எழும்பின, கூலி எகிறியது. வேலைக்கு ஆள்தான் குறைந்தது! ஏலமலைக்குப் பழைய ஆட்களான நம்மவர்களோடு இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம்காரர்களும் சேர்ந்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, ஜீப்புகள் நின்றன. மேலே காய் பறிக்க ஆளில்லை. கீழே கையில் காசில்லை. 2020 ஊரடங்கிலும் அதே கதை.

2019-இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது. பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே கிடந்தால் என்ன விலை? சைபர்! கூலி கீழே இறங்குகிறது, வாஸ்தவம். அந்தக் கூலிக்குப் பறித்த காய் மேலேதானே இருக்கிறது?

மாசம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பும் ஆபீஸ் நண்பரே... நீங்களும் ஏதோ ஓர் ஊருக்கு 'வெளியூர்க்காரன்'தானே?