வயிறு திறந்திருந்தபோதே

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் நாலு நாள் வயிற்றில் மந்தமான வலி. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், குடல்வால் வீங்கி உடையும் நிலையில் இருந்திருக்கிறது. மறுபடியும் ஆபரேஷன். இப்போது நலமாக இருக்கிறார். "அன்றைக்கு அத்தனை மணி நேரம் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்களே, அப்போதே அந்த அப்பெண்டிக்ஸையும் எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்.

எங்கள் தோட்டத்தில் 700 அடி போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே எடுக்கும் நாளெல்லாம் அப்பாவும் இதையேதான் சொல்வார். "தூக்கினதுதான் தூக்கியாச்சு, கேபிளையும் மாத்திருங்க." மோட்டாரைப் பழுதுபார்க்கும் செலவைவிடத் தூக்கி இறக்கும் செலவு பெரிது. ஆனால் பைப் ஏற்ற வரும் பெரியவர் சும்மா இருக்கும் பொருளில் கை வைக்க மாட்டார். திறந்து கிடக்கும் போர்வெல் வாயின்மேல் கூடுதலாக ஒரு வேலை செய்தால், ஒரு ஸ்பேனர் உள்ளே விழக் கூடுதலாக ஒரு வழி என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. அறுவை அரங்கிலும் இதே வழக்குதான் நடக்கிறது.

அப்பா பக்கத்து நியாயத்தை முதலில் சொல்கிறேன். இன்னொருவரின் கல்லீரலை உடம்பு எதிரியாகப் பார்த்துத் தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைக் கொடுத்து நோய் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கிறார்கள். வலியும் காய்ச்சலும் அந்த எதிர்ப்பாற்றல் போடும் கூச்சல். கூச்சல் அடங்கிவிட்டால் குடல்வால் உள்ளே அழுகினாலும் வெளியே தெரிவது கொஞ்சம்தான். வாசகரின் அண்ணனுக்கு நாலு நாள் வீணானது இதனால்தான்.

இனி பெரியவர் பக்கம். குடலில் ஓடிய ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய்த்தான் இதயத்துக்குத் திரும்பும். சிரோசிஸ் வந்து கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அந்தப் பாதை அடைபடும். மதகை மூடினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதுபோல, பின்னால் தேங்கும் ரத்தம் வயிற்றுச் சிரைகளைப் புடைக்க வைக்கும். குடல்வாலைத் தாங்கும் மெல்லிய மடிப்பும் இதற்குத் தப்பாது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்ய வேண்டியது கல்லீரல். அது படுத்துவிட்டது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்குச் சிறிய வேலையாக முடிவது இவர்களுக்கு ரத்தப் பெருக்காக முடியலாம். புதுக் கல்லீரல் பொருத்திய மணிநேரத்திலேயே இதெல்லாம் சீராகிவிடாது. தவிர, குடல்வால் பெருங்குடலோடு ஒட்டியது, கிருமிகள் நிறைந்த இடம். எதிர்ப்பாற்றலை அடக்கத் தொடங்கும் நாளிலேயே அந்தக் கதவைத் திறக்க யாருக்கு மனம் வரும்? கல்லீரலுக்காக வெட்டுவது விலா எலும்புக்குக் கீழே. குடல்வால் இருப்பதோ அடிவயிற்றில்.

100 பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் வாழ்நாளில் குடல்வால் அழற்சி வரும். அதிலும் அதிகமாக வருவது 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில். கல்லீரல் மாற்றிக்கொள்ளும் பெரியவர்களில் பலர் அந்த வயதைத் தாண்டியவர்கள். ஆகவே வீங்கியோ கட்டியோடோ கண்ணில் பட்டால் எடுப்பார்கள். நன்றாக இருந்தால் விட்டுவிடுவது பொதுவான வழக்கம்.

நோயே இல்லாத குடல்வாலை எடுப்பதற்கு நான் முழுமனதாக ஒப்புக்கொள்ளும் ஓர் இடம் அண்டார்டிகா. 1950இல் அந்தப் பக்கத்து ஹியர்ட் தீவில் இருந்த ஆஸ்திரேலியக் குழுவின் மருத்துவருக்கே குடல்வால் அழற்சி வந்து, போர்க்கப்பல் போய் அழைத்துவர வேண்டியதாயிற்று. குளிர்காலம் முழுக்க அண்டார்டிகாவில் தங்கும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் குடல்வாலை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிறகு விதி வைத்தார்கள். ஒரே மருத்துவர் படுத்துவிட்டால் வெட்ட யார் இருக்கிறார்கள்?

மற்றபடி இந்த விரல் நீளச் சதைமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம் 1980இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் மித்ரோஃபனோஃப் வெளியிட்ட ஒரு முறை. தண்டுவடக் குறையோடு பிறக்கும் சில குழந்தைகளால் சிறுநீரைத் தானாக வெளியேற்ற முடியாது. அவர் குடல்வாலைப் பெருங்குடலிலிருந்து பிரித்தார், அதற்கு ரத்தம் தரும் குழாயை மட்டும் அறுக்காமல். ஒரு முனையைச் சிறுநீர்ப்பையில் தைத்தார். மறுமுனையை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்தார். இன்று பல இடங்களில் அந்த வாயைத் தொப்புளுக்குள்ளேயே மறைத்து வைக்கிறார்கள். குழந்தை சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை அதில் நுழைத்துச் சிறுநீரை எடுத்துவிட்டு, மறுபடி விளையாடப் போகலாம். ரத்த ஓட்டத்தோடு, சரியான பருமனில், உடம்பே வைத்திருக்கும் உதிரிக் குழாய்! 'வேண்டாத உறுப்பு' என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். 2008இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு, அவருடைய சம்மதம் இல்லாமல் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றிருந்தால் தவிர, ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்றது தீர்ப்பு. நம் ஊரில் கையெழுத்து வாங்கும் தாளைப் படித்துக் காட்டக்கூட ஆள் இருப்பதில்லை. அறுத்தது எது, விட்டது எது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அந்தத் தாள் பீரோவில் கிடக்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அண்ணனுக்கு இனி வயிற்றில் சின்ன வலி என்றாலும் கல்லீரல் மாற்றிய மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோப்பின் முதல் பக்கத்தில், வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: கல்லீரல் மாற்றிய தேதி, சாப்பிடும் மருந்துகளின் பெயர், அதற்குக் கீழே 'குடல்வால் எடுத்தாயிற்று'.