திரும்பி ஓடும் ஆறு

ஆறு எந்தத் திசையில் ஓடும்? "இது என்ன கேள்வி? மலையிலிருந்து கடலை நோக்கித்தான்" என்பீர்கள். சரியான விடைதான். ஆனால், இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் உள்ள டார்ட் ஆற்றின் கரையில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். இந்த விடை போதாது என்று உங்களுக்கே தோன்றும். காலையில் நீரில் விழுந்த இலை கடலை நோக்கிப் போகிறது. பிற்பகலில் அதே இடத்தில் விழுந்த இலை மலையை நோக்கிப் போகிறது! கயிற்றில் கட்டிய படகுகளும் காலையில் காட்டிய முகத்தை மாலையில் திருப்பிக்கொள்கின்றன.

டார்ட் ஆறு டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில் பிறந்து, டார்ட்மத் நகருக்கு அருகே கடலில் கலக்கிறது. வழியில் டாட்னஸ் என்னும் பழைய ஊரில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. கடலின் ஏற்ற இறக்கம் அந்தத் தடுப்பணை வரை எட்டுகிறது. இப்படிக் கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றை ஓத ஆறு எனலாம். டாட்னஸிலிருந்து டார்ட்மத் வரை சுமார் 15 கி.மீ. சனி, ஞாயிறு விடுமுறையில் துடுப்புப் படகு எடுத்துக்கொண்டு பலர் இந்த வழியே போய் வருகிறார்கள். நாமும் கற்பனையில் ஒரு படகில் ஏறுவோமா?

நிலவு போட்ட கால அட்டவணை

துடுப்பைத் தொடுமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். நீங்கள் அசையாத நீரில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் துடுப்பு வலிக்கிறீர்கள் என்றும், ஓத நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 2 கி.மீ. என்றும் கொள்வோம். நீரோட்டம் துணையாக இருந்தால் உங்கள் வேகம் 7 கி.மீ.; 15 கி.மீ. தூரத்தை 2 மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடலாம். எதிர்த்துப் போனால் வேகம் 3 கி.மீ.தான், முழுதாக 5 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கைகள் ஓய்ந்துவிடும்.

ஆகவே புறப்படும் நேரத்தை நாம் முடிவு செய்வதில்லை. நிலவு முடிவு செய்கிறது. நிலவின் ஈர்ப்பால் கடல் நீர் பூமியின் இரு பக்கங்களிலும் மேடிடுகிறது. பூமி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் சற்று முன்னே நகர்ந்துவிடுகிறது. எனவே ஓரிடம் மீண்டும் நிலவுக்கு நேரே வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதில் பாதியான 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை, ஏறத்தாழ, உச்ச ஏற்றம் வரும்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு உச்ச ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு டாட்னஸில் படகை இறக்கினால், இறங்கும் நீரே நம்மைக் கடல் பக்கம் ஏந்திச் செல்லும். இரவு டார்ட்மத்தில் தங்கலாம். ஞாயிறன்று உச்ச ஏற்றம் காலை 7.50க்கு, அடுத்தது இரவு 8.15க்கு. பிற்பகல் 2 மணி அளவில் நீர் ஏறத் தொடங்கும். 4 மணிக்குக் கிளம்பினால், அதே ஆறு நம்மை மலைப் பக்கம் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடும்.

வழியில் காண்பவை

டாட்னஸைக் கடந்ததும் இரு கரையிலும் ஓக் மரக் காடுகள். அவற்றைக் கூர்ந்து பாருங்கள். நீர்மேல் சாயும் கிளைகள் யாவும், கயிறு பிடித்து வெட்டியதுபோல, ஒரே மட்டத்தில் முடிகின்றன. வெட்டியவர் யார்? உப்பு கலந்த ஓத நீர்தான்! உச்ச ஏற்றம் எட்டும் உயரத்துக்குக் கீழே இலை தழைப்பதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கே நீரில் மூழ்கிய பள்ளத்தாக்குதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, ஆறு வெட்டிய ஆழமான பள்ளத்தில் கடல் நுழைந்துவிட்டது.

ஸ்டோக் கேப்ரியல் என்னும் சிற்றூரில் ஓடையை அடைத்துக் கட்டிய குளம் ஒன்று உண்டு. ஏற்றத்தின்போது நுழையும் நீரைத் தேக்கி வைத்து, இறக்கத்தின்போது திறந்துவிட்டு, முற்காலத்தில் மாவரைக்கும் ஆலையை ஓட்டினார்கள். இன்னும் கீழே கிரீன்வே இல்லம். துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டி 1938இல் வாங்கிய வீடு இது. இங்குள்ள படகுக் கொட்டிலின் குளியல் தொட்டியையும் ஓத நீரே நிரப்பும்.

பன்னிரண்டில் ஒரு பங்கு

அழகில் மயங்கி நேரத்தை மறந்தால் ஆபத்து. நீர் 6 மணி நேரமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மொத்த இறக்கத்தைப் 12 பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, பிறகு 3, மீண்டும் 3, அடுத்து 2, கடைசியில் 1 என இறங்கும் என்பது படகோட்டிகளின் கணக்கு.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், ஞாயிறும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால், ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். டார்ட் ஆற்றில் அது 4 மீட்டருக்கு மேல் போகும். 4.2 மீட்டர் எனக் கொண்டால் ஒரு பங்கு 35 செ.மீ. மூன்றாம் மணியில் மட்டும் 105 செ.மீ. இறங்கிவிடும்! அந்நேரத்தில் டிட்டிஷம் ஊருக்கு மேலே, ஆறு அகன்று கிடக்கும் இடத்தில், கரையோரமாகப் படகை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தால் என்ன ஆகும்? எழுந்து பார்க்கும்போது படகைச் சுற்றிச் சேறுதான் இருக்கும்.

அப்போது இறங்கி நடக்கலாமா? கூடவே கூடாது. கால் புதையும், இழுக்க இழுக்க மற்றொரு காலும் புதையும், நீர் திரும்பி வரும்போது உயிருக்கே ஆபத்து. படகிலேயே அமர்ந்திருங்கள். ஓதம் திரும்பி வந்து உங்களைத் தூக்கிவிடும். மிதவைச் சட்டை, குடிநீர், குளிர் தாங்கும் உடை மூன்றும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். இன்னொன்று: நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் இருந்தால் அலைகள் செங்குத்தாக எழும். நீரோட்டம் துணை என்பதற்காகக் காற்றை மறந்துவிடக் கூடாது.

நீங்களும் பார்க்கலாம்

சென்னைக் கடற்கரையில் பெரு ஓதத்தின்போதும் வேறுபாடு சுமார் 1 மீட்டர்தான். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். கடலோர ஊரில் இருப்பவர்கள், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போங்கள். பாலத்தின் தூணில் நீர் எட்டும் மட்டத்தைப் படித்துறையிலிருந்து பார்த்து, மணிக்கு ஒரு முறை குறித்து வாருங்கள். நாட்காட்டியில் அன்றைய திதியையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வாரத்தில் நிலவின் கால அட்டவணை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஞாயிறு காலை 6 மணிக்கு உச்ச ஏற்றம். அடுத்த சனிக்கிழமை காலையில் அது எத்தனை மணிக்கு வரும்? நாளுக்கு 50 நிமிடம் வீதம் 6 நாளுக்கு 300 நிமிடம். ஆகவே 11 மணி அளவில். இந்தக் கணக்கு தெரிந்தவரை ஆறு இரு திசையிலும் சுமந்து செல்லும். தெரியாதவரைச் சேற்றில் உட்கார வைத்துவிடும்!