மாளிகை ஓட்டலில் மூன்று நாட்கள்

ஓட்டல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்களின் நினைவில் எழுவன இட்டலியும் காப்பியுமே. உண்ணும் இடத்திற்கே நாம் அப்பெயரை வழங்கி வருகிறோம். மும்பை, தில்லி முதலிய மாநகரங்களில் ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று கூறப்படுவதோ தங்கும் மாளிகை. அதன் வாயிலில் முதன்முறையாக நிற்பவருக்கு, "இது நமக்குரிய இடந்தானா?" என்ற ஐயம் எழாமல் இராது.

மாணவ நண்பர்களே! கருத்தரங்குகளும், போட்டிகளும், வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுங்கூட இன்று இத்தகைய மாளிகைகளில் நடைபெறுகின்றன. நீங்களும் ஒரு நாள் அங்கே தங்க நேரலாம். ஆதலால், மும்பையில் மூன்று நாட்கள் தங்கியபோது நான் பட்ட சங்கடங்களையும், அவற்றால் அறிந்துகொண்டவற்றையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஓட்டல்களைத் தரம் பிரித்து நட்சத்திரம் வழங்குவது மத்தியச் சுற்றுலா அமைச்சகம். விண்ணப்பம் செய்யும் ஓட்டலுக்கு ஒரு குழு நேரில் சென்று அறை, குளியலறை, சமையலறை, தீத்தடுப்பு ஏற்பாடு, ஊழியர் பயிற்சி ஆகிய அனைத்தையும் பார்வையிடும். ஐந்து நட்சத்திரத்திற்கு மேலாக, ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்ற தரமும் உண்டு.

என்னை அழைத்திருந்தவர்கள் அறை வாடகையையும் காலை உணவையும் தாங்களே ஏற்பதாக எழுதியிருந்தார்கள். ரயில் காலை 7 மணிக்கே மும்பையை அடைந்துவிட்டது. அறை கிடைப்பதோ பிற்பகல் 2 மணிக்கு. பெரும்பாலான ஓட்டல்களில் வழக்கம் அதுவே. பெட்டியைக் கூடத்தில் ஒப்படைத்துவிட்டு ஊரைச் சுற்றி வரலாம் என்பதை அறியாமல், அதைக் காலடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தேன். பின்னர் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையொப்பமிட்டேன். வாடகையைப் பிறர் செலுத்தினாலும், மற்றச் செலவுகளுக்காக நம்மிடம் ஒரு முன்பணம் கேட்பார்கள். செலவு போக எஞ்சியதைப் புறப்படும்போது திருப்பித் தந்துவிடுவார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அங்கே முகம் வாட வேண்டியதில்லை.

சாவிக்குப் பதிலாக ஓர் அட்டையைத் தந்தார்கள். கதவு திறந்தது, விளக்கு எரியவில்லை. சுவரிலுள்ள ஒரு சிறிய பிளவில் அதே அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் என்பது நெடுநேரம் இருளில் தடவிய பின்னரே எனக்குப் புலப்பட்டது. அறையிலே ஒரு சிறு குளிர்பெட்டி. அதனுள்ளே பழரசங்களும் பருப்பு வகைகளும். விருந்தினருக்கு அன்புடன் வைத்தவை என்றெண்ணி ஒரு பழரசத்தை அருந்தினேன். அதன் விலை பின்னர் என் கணக்கில் ஏறியது. மேசைமீது வைத்திருந்த தண்ணீர்ப் புட்டிகள் இலவசம், குளிர்பெட்டியிலிருந்தவை விலைக்குரியவை. துணி வெளுப்பதும் அவ்வாறே, ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனிக் கட்டணம். விலைப்பட்டியல் அறையிலேயே இருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. உணவு அட்டையைமட்டும் பார்த்தேன், பார்த்ததும் மூடிவிட்டேன். அன்றிரவு வீட்டிலிருந்து கொண்டு சென்ற முறுக்கே எனக்கு உணவாயிற்று.

இவையெல்லாம் சிறு சங்கடங்கள். நான் செய்த உண்மையான பிழை வேறு. நான் கசக்கிய படுக்கையையும், பயன்படுத்திய குளியலறையையும் வேறொருவர் வந்து துப்புரவு செய்வதை என் மனம் ஏற்கவில்லை. எனவே, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதிய அட்டையைக் கதவிலே மாட்டிவிட்டு, நானே படுக்கையை மடித்தேன். நானே தரையைத் துடைத்தேன். பிறருக்கு வேலை வைக்கவில்லை என்ற நிறைவும் எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தேன். கொங்கணப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி தள்ளுவண்டியுடன் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, என் வேலையில் ஏதேனும் குறை கண்டீர்களா? நேற்று முழுவதும் என்னை உள்ளே விடவில்லையே! மேற்பார்வையாளர் கேட்கிறார்" என்று இந்தியில் வினவினார். நான் திகைத்துப்போனேன். காரணத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். ஒரு நாளைக்கு 14 அறைகள் தம் பொறுப்பு என்றும், விரிப்பில் ஒரு சுருக்கங்கூட இல்லாமல் கட்டிலை அமைக்கப் பயிற்சி பெற்றதாகவும் சொன்னார். அந்தச் சொற்களில் ஒரு கைவினைஞரின் பெருமிதம் இருந்தது. அவருடைய தொழிலை நான் இழிவென்று எண்ணியதனால் அன்றோ அவருக்காகக் கூச்சப்பட்டேன்? என் பணிவுக்குள் மறைந்திருந்த அந்த எண்ணத்தை அன்றுதான் கண்டுகொண்டேன். வழிவிட்டு, அவருடைய பெயரைக் கேட்டு, நன்றி கூறினேன்.

அன்று மாலை அப்போலோ பந்தர் கடற்கரைக்குச் சென்றேன். அங்கே தாஜ்மகால் ஓட்டலின் பழைய மாளிகை கடலை நோக்கி நிற்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா எழுப்பிய அம்மாளிகை 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் எதிரேயுள்ள இந்திய நுழைவாயில் திறக்கப்பட்டது 1924-இல்தான், ஓட்டலே மூத்தது. முதல் உலகப் போரின்போது அது 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாற்றப்பட்டது. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு பயங்கரவாதிகள் உள்ளே புகுந்தபோது, ஊழியர்கள் பலர் தாம் தப்பிச் செல்லாமல் விருந்தினரைக் காத்து வெளியேற்றுவதில் முனைந்தார்கள். அம்முயற்சியில் சிலர் உயிர் நீத்தார்கள். சிதைந்த பழைய மாளிகை செப்பனிடப்பட்டு 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. அக்கட்டடத்தின் முன் நின்றபோது, காலையில் தள்ளுவண்டியுடன் கண்ட அப்பெண்மணியே என் நினைவுக்கு வந்தார். சலவைக் கல்லையும் தொங்கு விளக்கையும் பணம் உள்ளவர் எவரும் வாங்கிவிடலாம். ஓர் ஓட்டலை ஓட்டலாக்குபவர்கள் அதில் பணிபுரிகின்றவர்களே.

புறப்படும் நாளில் கணக்கைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் சரக்கு, சேவை வரி உண்டு. அது சட்டப்படி கட்ட வேண்டியது. சேவைக் கட்டணம் என்பது வேறு. அதைத் தாமாகவே கணக்கில் சேர்த்தல் ஆகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டு நெறி வெளியிட்டுள்ளது. ஊழியருக்கு அன்பளிப்புத் தருவதும் தராததும் உங்கள் விருப்பமும் வசதியும் பற்றியது. மாணவர் ஒருவர் தர இயலாவிடில் அது குற்றமாகாது.

தெரியாததைக் கேளுங்கள். நாள்தோறும் நூறு பேருக்கு வழிசொல்லும் வரவேற்பாளர், ஒரு மாணவரின் கேள்வியைக் கேட்டு நகைக்கமாட்டார். நான் புறப்பட்டபோது அந்தப் பெண்மணி தாழ்வாரத்தின் மறுகோடியில் வேறோர் அறையின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். கை கூப்பினேன். கையில் விரிப்பு இருந்ததால் அவர் தலையை அசைத்து விடை கொடுத்தார்.