கூண்டைத் திறக்கும் முன் சன்னலைச் சாத்துங்கள்

நீலகிரியின் நெல்லியாளம், தேவாலா, சேரம்பாடிப் பக்கத்துக் காட்டோரங்களில் வசிப்பவர்களுக்குப் பறக்கும் அணில் புதிதல்ல. இருட்டிய பிறகு மரத்தின் உச்சியிலிருந்து நான்கு கால்களையும் விரித்துப் பாயும். காற்றில் சறுக்கிப் போய் அடுத்த மரத்தின் தண்டில் ஒட்டிக்கொள்ளும். கேரள எல்லைப் பகுதி என்பதால் மலையாளத்தில் ‘பாறான்’ என்று சொல்பவர்களும் இங்கே உண்டு. வாலோடு சேர்த்து அளந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

அதன் சாயலில், உள்ளங்கைக்குள் அடங்கும் இன்னொரு பிராணியை இப்போது நகரத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்கள். அதுதான் சுகர் கிளைடர். ஆஸ்திரேலியாவும் நியூகினியும் அதன் தாயகம். எடை 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே விரியும் தோலைப் பார்த்து இதையும் அணில் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இது கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் இனம். கருத்தரித்த 16 நாளில் பிறந்துவிடும் குட்டி ஓர் அரிசியளவே இருக்கும். அடுத்த 70 நாளைத் தாயின் பைக்குள்தான் கழிக்கும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரண்டு விலங்குக் குலங்கள், மரம் விட்டு மரம் தாவும் ஒரே தேவைக்காகத் தனித்தனியே இந்தத் தோலை உருவாக்கிக்கொண்டன.

வாங்கி வந்தவர்கள் தடுமாறுவது கூண்டிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான். இது இரவில் நடமாடும் பிராணி. பகலில் தூங்கிக்கொண்டிருப்பதை மேலிருந்து கைவிட்டு இறுக்கிப் பிடித்தால், அந்தக் கை அதற்கு ஆந்தையின் நகம்தான். கரகரவென்று உருவத்துக்கு மீறிய சத்தம் போடும், கடிக்கவும் செய்யும். பயந்துபோய் நாம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், கத்தினால் கை போய்விடும் என்று அது தெரிந்துகொள்ளும். அடுத்த முறை இன்னும் பலமாகக் கத்தும்.

இதற்கு வழி மூக்கில் இருக்கிறது. ஆண் சுகர் கிளைடர் தன் தலையிலும் மார்பிலும் உள்ள சுரப்பிகளைக் கூட்டத்தார் மேல் தேய்த்து வாசனை ஏற்றும். அந்த வாசனை உள்ளவர்கள் நம்மவர்கள், மற்றவர்கள் அந்நியர். ஆகவே புதிதாக வந்ததை முதல் சில நாட்கள் தொடாமல் விட்டு, நீங்கள் உடுத்திய துணியில் ஒரு துண்டை அது தூங்கும் துணிப்பைக்குள் போட்டு வையுங்கள். பிறகு பகலில் பையை அப்படியே கழற்றி, வாயை மூடி, மார்போடு தொங்கவிட்டுக்கொள்ளலாம். அது பாட்டுக்குத் தூங்கும். தூக்கத்திலேயே உங்கள் வாசனையும் குரலும் பழகிவிடும். மாலையில் கண் விழித்ததும் பையின் வாயருகே விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேனோ தயிரோ நீட்டுங்கள். அது தானாக உள்ளங்கைக்கு ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்திப் பயனில்லை.

தூக்கவேண்டி வந்தால் இரண்டு கைகளையும் குவித்து அடியிலிருந்து ஏந்துங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. சட்டையைப் பற்றிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் ஒவ்வொரு நகமாக விடுவியுங்கள்.

வெளியே விடுவதற்குச் சிறிய அறையே நல்லது. மின்விசிறியை நிறுத்தி, கதவு சன்னல்களைச் சாத்தி, வாளியிலும் அண்டாவிலும் தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டு, தரையில் உட்காருங்கள். நிறைந்த வாளிக்குள் விழுந்தால் அதன் வழுவழுப்பான சுவரில் ஏற முடியாது. நீங்கள் துரத்தாமல் இருந்தால், உங்களையே ஒரு மரமாக வைத்து ஏறும். சுவரிலிருந்து உங்கள் தோளுக்குப் பாயும். கூண்டுக்குத் திருப்பி அனுப்பவும் பிடிக்க ஓடவேண்டாம். உள்ளே உணவை வைத்துப் பையைக் காட்டினால் போதும்.

நெல்லியாளத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நாட்களில் குளிர் அறைக்குள் வந்துவிடும். குளிரும் உணவுக் குறைவும் சேர்ந்தால் சுகர் கிளைடர் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு மணிக்கணக்கில் மரத்துக் கிடக்கும். தொட்டால் சில்லென்றிருக்கும், அசையாது. செத்துவிட்டதென்று முடிவுகட்டிவிடாமல் உடலோடு அணைத்து மெதுவாகச் சூடேற்றி, தெளிந்ததும் உணவு கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் பழமே கொடுத்து வளர்த்தால் கால்சியம் குறைந்து பின்னங்கால்கள் செயலிழந்துபோகும். தனியாக அடைத்துவைத்தால் தன் வாலையே கடித்துக்கொள்வதும் உண்டு. காட்டில் ஒரே பொந்தில் கூட்டமாகத் தூங்கும் பிராணி இது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இத்தனையும் தெரிந்தபின் கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வந்துவிட்டதை நன்றாக வைத்துக்கொள்வது நம் கடமை.

சன்னலைச் சாத்தச் சொன்னதற்கு, பிராணி தொலைந்துவிடும் என்பதைவிடப் பெரிய காரணம் டாஸ்மேனியாவில் இருக்கிறது. அங்கே சுகர் கிளைடர் 19ஆம் நூற்றாண்டில் மனிதர்களால் போய்ச் சேர்ந்தது. இன்று அது, அந்தத் தீவில் மட்டுமே கூடு கட்டும் ‘ஸ்விஃப்ட்’ கிளியின் பொந்துகளுக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் அடைகாக்கும் தாயையும் தின்கிறது. 2014இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. அந்தக் கிளி இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

நீலகிரிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1843 முதல் இந்த மலைகளில் நட்டு வளர்த்த யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். சீகை மரமும் அங்கிருந்து வந்ததுதான். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் அங்கிருந்துதான் வந்தது. அதன் ஆரஞ்சுப் பூக்களில் தேன் நிறைய ஊறும். பட்டையைக் கடித்துப் பால் குடிக்கவும், பூந்தேன் நக்கவும், பூச்சி பிடிக்கவும் பழகிய சுகர் கிளைடருக்குத் தாயகத்து மரங்களே இங்கே காத்திருக்கின்றன. தப்பிய ஜோடி எல்லாமே பிழைத்துப் பெருகிவிடும் என்பதில்லை. ஆனால் பெருகினால், பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் மலபார் கிளிக்கும் குக்குறுவானுக்கும் அதே கதி நேரலாம். நெடுங்காலம் கண்ணில் படாமலிருந்து 1989இல் கேரளத்தில் மறுபடி கண்டறியப்பட்ட திருவிதாங்கூர்ப் பறக்கும் அணிலும் இதே மலைத்தொடரின் பொந்துகளை நம்பித்தான் வாழ்கிறது.

வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டத்திலோ காட்டிலோ கொண்டுபோய் விடாதீர்கள்; பொறுப்பாக வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். மரம் வெட்டும்போது பொந்திலிருந்து பறக்கும் அணில் குட்டி விழுந்தால், சுகர் கிளைடர் போலவே பழக்கிவிடலாம் என்று வீட்டுக்கு எடுத்துப்போகாமல், கூடலூர் வனக்கோட்டத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.