அடுத்த விளக்கும் பச்சையாக இருக்க

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உள்ள இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே அமைந்திருக்கும் பென்னலூர், வெளியூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பொறியியற் கல்லூரியின் விலாசமாகவே பரிச்சயமான ஊர். ஆயினும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியும், புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிச் சுமந்து வரும் நீண்ட டிரெய்லரும், ஷிப்டு முடிந்த தொழிலாளிகளை ஏற்றிய கம்பெனி பஸ்ஸும், ஷேர் ஆட்டோவும், இவை எல்லாவற்றின் இடுக்கிலும் புகுந்து புறப்படும் மோட்டார் சைக்கிளும் ஒரே சாலையில் சேர்ந்து ஓடுவதைப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. இத்தகைய சாலையில் சிக்னல் விளக்குகளை ஒன்றோடொன்று இசைந்து எரியச் செய்வது எப்படி என்பதையும், அது எந்த இடத்தில் தோற்றுப்போகிறது என்பதையும் சற்று விஸ்தாரமாகப் பார்க்கலாம்.

ஒரு சிக்னலில் வெயிலில் காத்திருந்து, பச்சை விழுந்ததும் கிளம்பி, அடுத்த சிக்னலை நெருங்கும்போது அங்கே சிவப்பு விழுந்துவிட்டால், பச்சையின் நேரத்தைக் கூட்டினால் என்ன என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அது பிரயோஜனமற்ற யோசனை. பிரதான சாலைக்குக் கூட்டித் தரும் ஒவ்வொரு விநாடியும் குறுக்குச் சாலையில் நிற்பவர்களிடமிருந்து பிடுங்கித் தருவதே. அவர்களுக்கும் அதற்கேற்பக் கூட்டிக் கொடுத்தால், ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரையுள்ள சுற்று முழுவதும் நீண்டு, எல்லோருமே முன்னிலும் அதிக நேரம் நிற்க நேரிடும். சுற்று நேரம் மிகக் குறுகினாலும் கெடுதல், மிக நீண்டாலும் கெடுதல், நடுவில் உகந்த அளவு ஒன்று உண்டு என்பதைக் கணக்கிட்டு, பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பொறியாளர்களின் பாடமாக இருக்கிறது. ஆனால் அது ஒற்றைச் சந்திப்புக்கு உரிய கணக்கு. வரிசையாக உள்ள சந்திப்புகளை இணைக்கும்போது, பச்சை எவ்வளவு நேரம் எரிகிறது என்பதற்குச் சமமாக, அது எந்த விநாடியில் தொடங்குகிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சிக்னல்களுக்கும் சுற்று நேரம் 120 விநாடி. அதில் பிரதான சாலைக்குப் பச்சை 60 விநாடி. நடுவே தூரம் 600 மீட்டர். வண்டிகள் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் போவதாகக் கொண்டால், முதல் சிக்னலை விட்ட வண்டி 60-ஆவது விநாடியில் இரண்டாவதை அடையும். ஆகவே இரண்டாவது சிக்னலின் பச்சையை 60 விநாடி தாமதித்துத் தொடங்கினால், முதலாவதில் புறப்பட்ட கூட்டம் முழுவதும் நிற்காமல் கடந்துவிடும். இதில் ஓர் அதிர்ஷ்டமும் கூடவே வருகிறது. எதிர்த்திசையில் இரண்டாவதிலிருந்து 60-ஆவது விநாடியில் கிளம்புகிற வண்டி, முதலாவதை 120-ஆவது விநாடியில், அங்கே மறுபடி பச்சை விழும் அதே தறுவாயில் வந்தடைகிறது. இரு திசைக்கும் பரிபூரண வழி!

இனி அதே தூரம் 300 மீட்டராக இருந்தால் என்ன ஆகிறது? போகிறவர்களுக்குச் சாதகமாக 30 விநாடி தாமதம் வைத்தால் அவர்கள் 60 விநாடிப் பச்சையையும் முழுமையாக அனுபவிப்பார்கள். வருகிறவர்களோ முதல் சிக்னலில் பச்சை அணைந்த கணத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, ஒருவர் தப்பாமல் சிவப்பில் நிற்பார்கள். தாமதமே வைக்காமல் இரண்டையும் ஏககாலத்தில் எரியவிட்டால், இரு திசையாருக்கும் 30 விநாடிகள் மட்டும் தங்குதடையற்ற வழி கிடைக்கும். எப்படிப் பங்கிட்டாலும் கூட்டுத்தொகை 60-ஐத் தாண்டாது. நகரத்தில் குறுக்குத் தெருக்களை வகுத்தவர்கள் சிக்னலை மனத்தில் வைத்து வகுக்கவில்லை. ஆதலால் 600 மீட்டரின் அதிர்ஷ்டம் அபூர்வம், 300 மீட்டரின் தர்மசங்கடமே வழக்கம். இரு திசைக்கும் கூடிய மட்டும் அகலமான வழியைக் கண்டுபிடிக்கும் இந்தப் பிரச்னை, ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1966-இல் கணிதமாக வடித்துத் தீர்வு காட்டும் அளவுக்குக் கடினமானது.

இசைவு என்னும் எண்ணம் கணினியைவிட மிகவும் பழையது. லண்டனில் பாராளுமன்றத்துக்கு அருகே 1868-இல் நிறுத்தப்பட்ட எரிவாயு சமிக்ஞை விளக்கு மறுமாதமே வெடித்துப் போயிற்று. ஆனால் 1917-இலேயே அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஆறு சந்திப்புகளின் விளக்குகளை இணைத்து, ஒரே இடத்திலிருந்து கையால் இயக்கினார்கள். இன்று கம்பி இணைப்பு இல்லாமலே, ஒவ்வொரு சிக்னல் பெட்டிக்குள்ளும் இருக்கும் கடிகாரத்தை நம்பி இசைவை நடத்த முடிகிறது. அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு விநாடி பிசகினாலும் ஒரு மாதத்தில் 30 விநாடி விலகி, நமது உதாரணத்தில் பாதிப் பச்சை பாழாகிவிடும். அதனால்தான் செயற்கைக்கோளிடம் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. நெரிசல் வேளையில் போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து சிக்னலைத் தம் கையில் எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் சகஜம். அவர் தம் சந்திப்புக்கு நல்லதைத்தான் செய்கிறார் என்பதில் ஐயமில்லை, ஆனால் அடுத்த இரண்டு சந்திப்புகளின் கணக்கு அந்த நிமிஷமே குலைகிறது.

இனி நம் நெடுஞ்சாலையின் சங்கதிக்கு வருவோம். மேலே போட்ட கணக்கெல்லாம் விநாடிக்கு 10 மீட்டர் என்ற ஒரே வேகத்தை நம்பி நிற்கிறது. பாரம் ஏற்றிய டிரெய்லர் அசைந்து அசைந்து கிளம்பி அதில் பாதி வேகத்தில் 600 மீட்டரைக் கடந்தால், அது 120-ஆவது விநாடியில், அதாவது இரண்டாவது சிக்னலின் பச்சை முடியும் விளிம்பில் வந்து நிற்கும். இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த மோட்டார் சைக்கிளோ 30-ஆவது விநாடியிலேயே வந்து, மீதி 30 விநாடி சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவசரத்தால் அதை ஓட்டியவன் சம்பாதித்தது ஒன்றுமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் மடையைத் திறந்ததும் திரண்டு புறப்படும் நீர், வாய்க்காலில் போகப்போக நீண்டு மெலிவது போலவே, பச்சை விழுந்ததும் நெருக்கமாகக் கிளம்பும் வண்டிக் கூட்டம் தூரம் செல்லச் செல்லச் சிதறிவிடுகிறது. இந்தச் சிதறலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பிரிட்டனின் ராபர்ட்சன் 1969-இல் டிரான்சிட் என்ற கணினி நிரலை வெளியிட்டார். எத்தனை நுட்பமான நிரலானாலும் கூட்டம் முற்றிலும் சிதறிய பின் இணைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. சுமார் 800 மீட்டருக்கு உட்பட்ட சிக்னல்களை இணைக்க வேண்டும் என்று அமெரிக்க விதிநூல் சொல்வதன் காரணம் இதுவே. கலப்புப் போக்குவரத்து மிகுந்த நம் சாலைகளில் அந்த எல்லை இன்னும் குறுகும் என்பது என் அபிப்பிராயம்.

போக்குவரத்தை அவ்வப்போது அளந்து தாமே நேரத்தை மாற்றிக்கொள்ளும் யந்திரங்களும் உள்ளன. சிட்னியில் பிறந்த ஸ்கேட்ஸும் பிரிட்டனில் பிறந்த ஸ்கூட்டும், வண்டிகள் தத்தம் தடத்தில் ஒழுங்காக வரும் சாலைகளில் வளர்ந்தவை. தடம் பார்த்து ஓட்டாத நம் நாட்டு நிலைமைக்கென்று ஒரு முறையைத் திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் வகுத்தது. சென்னைப் பெருநகருக்கு இத்தகைய ஏற்பாடுகளைச் செய்ய 2018-இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தமும் ஆயிற்று.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு வேறு ஓர் அனுகூலம் உண்டு என்பதைக் கவனித்தவர் குறைவு. நகரச் சாலையில் இரு திசையும் நாள் முழுவதும் மல்லுக்கு நிற்கும். தொழிற்சாலைப் பகுதியிலோ ஷிப்டு தொடங்கும் வேளையில் கூட்டம் ஆலைகளை நோக்கிப் பெருகி, முடியும் வேளையில் திரும்புகிறது. அந்த வேளைகளும் கடிகாரத்தில் எழுதிவைத்தவை. விலையுயர்ந்த யந்திரம் எதையும் வாங்காமலே, காலை ஷிப்டுக்கு ஒரு திட்டம், மாலைக்கு அதற்கு நேர்மாறான திட்டம், இரவில் டிரெய்லர்களின் வேகத்துக்கேற்ற நீண்ட தாமதத்தோடு மூன்றாவது திட்டம் என்று எழுதிவைத்து, வேளைக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்ளலாம். 300 மீட்டர் கணக்கின் தர்மசங்கடம், ஒரு திசைக்கு மட்டும் கூட்டமுள்ள வேளையில் தானே கரைந்துவிடுகிறது. குறுக்குச் சாலையிலிருந்து திரும்பி வந்து அடுத்த சிக்னலில் முன்கூட்டியே நிற்கும் வண்டிகளை மட்டும் மறக்கக் கூடாது: ஒரு தடத்தில் ஐந்து கார் நின்றால் அவை கிளம்பிக் கரைய ஏறக்குறைய 12 விநாடி ஆகும், அந்த 12 விநாடி முன்னதாகவே பச்சை விழாவிட்டால் பின்னே வரும் கூட்டம் அவற்றின் முதுகில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். வரிசையில் ஒரு கன்டெய்னர் லாரி இருந்தால் இன்னும் அதிகம்.

இத்தனைக்கும் முன்னால் குறித்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டிய தொழிலாளி, 30 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 25 விநாடி வேண்டும். காலோய்ந்த முதியவர் 0.8 மீட்டர் நடையில் வந்தால் 37 விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் பிரதான சாலை சிவப்பில் நின்றாக வேண்டும். ஆகவே திட்டத்தாளில் அதை முதலில் வரைந்துவிட்டு, எஞ்சிய விநாடிகளைத்தான் வண்டிகளுக்குப் பங்கிட முடியும்.